கடைமடைக்கு வந்த போன்

எங்கள் குடும்பத்தில் போன் என்பது வாய்க்கால் தண்ணீரைப் போல மேலிருந்து கீழே இறங்கி வரும். வளைகுடாவில் இருக்கும் என் மகன் புதுப் போன் வாங்கினால் அவனுடைய பழையது மருமகளுக்கு. மருமகளுடையது அவள் தம்பிக்கு. தம்பியுடையது மார்த்தாண்டத்தில் இருக்கும் அவர்கள் அப்பாவுக்கு. அவருடையது அவர் மனைவிக்கு. ஐந்து வயல் பாய்ந்த பிறகு பாசியும் சகதியுமாக மிஞ்சுவது எனக்கு. பாசனத்தில் இந்த இடத்துக்குக் கடைமடை என்று பெயர்.

அந்தத் தண்ணீர் எனக்கு வேண்டாம் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். என் ஓய்வூதியத்தில் நானே ஒரு போன் வாங்கி வைத்திருந்தேன். போன்களில் இரண்டு இனம் உண்டு. ஒன்று ஊரில் எல்லாரும் வைத்திருப்பது. இன்னொன்று விலை கூடியது. எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடுகள். அதில் பத்தொன்பது வீட்டில் முதல் இனம். மூன்று வீட்டில் மட்டும் இரண்டாவது இனம். மூன்றிலும் பிள்ளைகள் கல்ஃபில். நான் பத்தொன்பதைச் சேர்ந்தவனாக இருந்தேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. திரையில் ஒரு விரிசல் விழுந்திருந்தது, அவ்வளவுதான். விரிசல் விழாதது இந்த வயதில் என்னிடம் என்ன இருக்கிறது?

இந்த முறை தண்ணீர் மேல்மடையிலிருந்து நேராகவே என்னிடம் வந்தது. மகன் தன் போனைக் கீழே போட்டுவிட்டான். மூலையில் ஒரு சில்லு போய்விட்டது. மூலை உடைந்த போன் தனக்கு வேண்டாம் என்று மருமகள் சொல்லிவிட்டாள். உடனே அவனுக்கு அப்பா நினைவு வந்தது.

"அப்பா, எங்க எல்லார்ட்டயும் இந்தப் போன்தான். நீங்க மட்டும் தனியா கெடக்கீங்க. இதுல வீடியோ அப்படியே கண்ணாடி மாதிரி இருக்கும். அம்மா பிள்ளைய நல்லா பாக்கலாம்லா?"

நான் தனியாகக் கிடப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. என் மனைவிக்குத்தான் பேத்தியைக் கண்ணாடி மாதிரி பார்க்க வேண்டும். அவளுக்காகச் சரி என்றேன்.

மகனோடு வேலை பார்க்கும் இனயம் ஊர்க்காரர் ஒருவர் லீவில் வந்தார். அவர் பெட்டியில், பேரீச்சம்பழப் பொட்டலத்துக்கும் தைலக் குப்பிகளுக்கும் நடுவே, ஒரு காலுறைக்குள் அந்தப் போன் வந்து சேர்ந்தது. துவைத்த காலுறைதான் என்று அவர் இரண்டு முறை சொன்னார். அவர் சொன்ன பிறகுதான் எனக்குச் சந்தேகமே வந்தது.

மகன் என் பழைய போனில் பேசிக்கொண்டே புதியதை எப்படித் திறப்பது என்று சொல்லித் தந்தான். திறந்ததும் மேலே அவன் பெயரும் அவன் முகமும் இருந்தன.

"இதுல ஒன் பேரு கெடக்கே?"

"கெடக்கட்டும்ப்பா. புதுசா கணக்குத் தொடங்கணும்னா ஆயிரம் கேள்வி கேக்கும். பாஸ்வேர்டு கேக்கும், நீங்க மறந்துருவீங்க. என் கணக்குலயே இருக்கட்டும். இங்க எல்லாரும் அப்பா அம்மாவுக்கு அப்படித்தான் செய்து குடுத்திருக்கோம்."

நான் எதையும் மறப்பவன் இல்லை. ஆனால் ஆயிரம் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுமையும் எனக்கு இல்லை. அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். வீட்டு வரியை, மின் கட்டணத்தை, கோயில் கட்டளையை எல்லாம் தன் பெயரில் சரியாகக் கட்டி வந்த ஒரு மனிதன், மகன் பெயர் போட்ட போனோடு வயதுகாலத்தில் உலாவ வேண்டி வந்தது.

பழைய போனில் இருந்ததைப் புதியதற்கு மாற்ற நாகர்கோவிலில் ஒரு கடைக்குப் போனேன். கடையை நடத்துகிறவள் நாற்பது வயதுப் பெண். ஒரு கையில் பாதி தின்ற பழம்பொரி. இன்னொரு கையால் என் இரண்டு போனையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாள்.

"ரெண்டும் வேற வேற ஜாதியாக்கும் சாரே. அங்க உள்ளது இங்க ஒழுங்கா ஏறாது. ஆளுக நம்பரு எல்லாம் வந்துரும். பேச்சு வராது."

"பேச்சுன்னா?"

"இவ்வளவு காலம் நீங்க மெசேஜுல பேசுனது. அதுக்குத் தனி வயர் உண்டு. எனக்க கிட்ட இல்ல. இருந்தாலும் பாதிதான் ஏறும்."

போனால் போகட்டும் என்றேன். வீட்டுக்கு வந்து பழைய போனைத் திறந்து, அப்படி என்னதான் போகிறது என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு பழைய சகா அனுப்பியவை மட்டும் முந்நூற்று நாற்பது. அதில் காலை வணக்கம் இருநூற்றுத் தொண்ணூற்றாறு. ரோஜாப்பூவின் மேல் ஒன்று, பனித்துளியின் மேல் ஒன்று, முருகன் வேலின் மேல் ஒன்று. மிச்சம் நாற்பத்துநான்கில் முப்பது மருந்து விளம்பரம். நான்கு பேர் கூடி ஒரு நல்ல வார்த்தை பேச முடியாத காலத்தில் இவர்களுக்கு விடிந்ததும் ரோஜாப்பூ. ஏறாத பேச்சுக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

ஆனால் புதிய இனத்தோடு குடும்பம் நடத்துவது எளிதாக இல்லை. பழையதில் கீழே ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தொட்டால் வந்த வழியே திரும்பிப் போகலாம். இதில் அது கிடையாது. பின்னால் போவது தங்களுக்குக் கேவலம் என்று நினைத்தார்களோ என்னவோ. ஒரு இடத்தில் நுழைந்துவிட்டால் வெளியே வர ஓரத்திலிருந்து விரலை இழுக்க வேண்டும். என் விரல் நெல் மணியை நிமிண்டிப் பார்த்துக் காய்த்துப்போன விரல். பல நேரம் அது விரல் என்றே போன் ஒத்துக்கொள்ளாது. வீட்டில் இருந்த நான்கு சார்ஜர்களில் ஒன்றின் முனையும் இதற்குச் சேரவில்லை. ஐந்தாவது வாங்கினேன்.

போதாததற்கு, முகத்தைப் பார்த்துத்தான் திறக்குமாம். பல்செட்டைப் போட்டுக்கொண்டு காட்டினால் திறக்கும். கழற்றிவிட்டால் நான் யாரென்றே தெரியாது. காலையில் பல் இல்லாமல் இதன் முன்னால் உட்கார்ந்து, நான்தான் நான்தான் என்று முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருப்பேன். என் மனைவி தோசையைப் புரட்டிக்கொண்டே சொல்வாள்:

"பல்லப் போட்டுட்டு போய்க் கேளுங்கோ. நானே சில நேரம் யாரோன்னுதான் நெனைக்கேன்."

அவள் பேத்தியைப் பார்த்தாள். கண்ணாடி மாதிரிதான் இருந்தது. பேத்தி அந்தப் பக்கத்தில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையின் பின்பக்கம் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

அப்போது கும்பப்பூவுக்கு நாற்றுப் பாவியிருந்த நேரம். என் வயலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எழுபத்தாறு சென்ட். கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருடத்துக்கு இரண்டு பூ, அதாவது இரண்டு போகம், விளையும். அரசாங்கத்தில் எனக்கு வேலையே நெல் விளைச்சலைக் கணக்கெடுப்பது. வயலில் ஒரு சதுரம் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, நிறுத்து, மாவட்டத்துக்கு எவ்வளவு விளையும் என்று எழுதி அனுப்புவோம். பிறர் வயலில் சதுரம் சதுரமாக முப்பத்தொரு வருடம் எண்ணியவனுக்கு மிச்சமான சொந்த வயல் இந்த எழுபத்தாறு சென்ட். கிழக்கு வரப்பில் ஒன்பது தென்னை. தெற்கிலிருந்து ஆறாவது தென்னைக்கு இடி விழுந்து மண்டை போய்விட்டது. வெட்டக் கூலி கேட்டவன் தென்னை விலையைக் கேட்டான். அதனால் மொட்டையாகவே நிற்கிறது.

என் காலத்துக்குப் பிறகு அலைச்சல் வேண்டாம் என்று அந்த வயலை மகன் பெயருக்கே எழுதி வைத்துவிட்டேன். பத்திரத்தில் அவன். வரப்பில் நான்.

போன் வந்து கொஞ்ச காலம் கழித்து ஒரு மத்தியானம், நாற்றங்காலில் நத்தை விழுந்திருந்ததைப் படம் எடுத்துவிட்டு, அந்தப் படத்தைத் தேடினேன். என் நத்தையைக் காணவில்லை. அதற்குப் பதிலாக மகனுடைய படங்கள் வரிசை வரிசையாக நின்றன. அடியில் மொத்தக் கணக்கும் போட்டிருந்தது: இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு. எண்ணிக்கையைத் தானாகவே சொன்னது ஒன்றுதான் இந்தப் போனிடம் எனக்குப் பிடித்த குணம்.

பழைய படங்களை போனோடு சேர்த்தே அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தேன். கடந்த லீவில் திற்பரப்பில் குளித்தது முப்பத்தேழு படம். அருவி ஒன்றுதான். அது எங்கும் ஓடிப்போகப் போவதும் இல்லை. ஒரே தோசையை மூன்று பக்கத்திலிருந்து எடுத்து வைத்திருந்தான். நான்காவது பக்கத்தைத் தின்றிருப்பான் போல. விரலை இழுத்துக்கொண்டே கடைசிக்கு வந்தேன். என் நத்தை அங்கே இருந்தது. நத்தைக்கு மேலே ஒரு வயல் இருந்தது.

முதலில் எனக்குத் தெரியவில்லை. வயல் என்றால் எல்லாம் வயல்தானே. ஆனால் எதைப் பார்த்தாலும் எண்ணும் பழக்கம் எனக்கு. வரப்பில் நின்ற தென்னைகளை எண்ணினேன். ஒன்பது. ஆறாவதற்கு மண்டை இல்லை.

அந்தப் படத்தை நான் எடுக்கவில்லை. எடுத்தவனின் நிழல், தொப்பியோடு, என் நாற்றங்காலின் மேல் நீளமாக விழுந்திருந்தது. அதுபோல நான்கு. ஐந்தாவது ஒரு காகிதத்தின் படம். செவ்வகத்தைக் கோடு போட்டுத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எண்ணும் பரப்பும் எழுதியிருந்தது. நடுவில் இருபதடிச் சாலை. ஒன்று முதல் பதினான்கு வரை மனைகள். மொட்டைத் தென்னை நிற்கும் இடம் ஒன்பதாம் எண் மனை.

நான் திகைத்து உட்கார்ந்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் நான் செய்தது கூட்டிப் பார்த்தது. பதினான்கு மனையின் பரப்பையும் சாலையையும் கூட்டினால் எண்பதே முக்கால் சென்ட் வந்தது. இன்னொரு முறை கூட்டினேன். அதேதான். இல்லாத நாலே முக்கால் சென்டை எங்கிருந்தோ கொண்டுவந்து சேர்த்து வைத்திருந்தான் அந்தத் தொப்பிக்காரன். என் வயலை விற்க வந்தவனுக்குக் கூட்டல்கூடத் தெரியவில்லை. கோபம் முதலில் வந்தது அதற்குத்தான். மற்றக் கோபம் பிறகு வந்தது. அது போகவும் இல்லை.

மனைவியிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டு, கழற்றி, சேலை முந்தானையால் துடைத்து, மறுபடியும் போட்டுப் பார்த்தாள்.

"நம்ம மொட்டத் தென்னையா இது?"

"வேற யாருக்க தென்னை?"

"அவன்ட்ட கேட்டுப்போடுங்கோ. மனசுல வச்சிட்டு நடக்காதீங்கோ. சுகரு ஏறும்."

"என்னன்னு கேக்க? ஒன் படத்தை எல்லாம் நான் பாத்தேன்னு சொல்லவா?"

"அது ஒங்க போன்தானே."

"போன் எனக்கது. படம் அவனுக்கது."

"வயலு?"

அவள் கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். அவளுக்கு எப்போதும் இப்படி ஒரு கேள்வி கையில் இருக்கும். ஆனால் அன்று மத்தியானச் சோற்றில் உப்பு இல்லை.

மகன் அனுப்பியது பழைய படங்கள் என்றால், போன் வந்த பிறகு விதைத்த நாற்று எப்படி அதில் வந்தது? இது எனக்கு உறைத்ததும் அடுத்த பஸ்ஸில் நாகர்கோவிலுக்குப் போனேன். கடைக்காரி இந்த முறை நிலக்கடலை தின்றுகொண்டிருந்தாள்.

"எனக்க மகன் அங்க எடுக்க படம் எனக்க போன்ல வருகு. இது என்ன சீக்கு?"

"சீக்கு இல்ல சாரே. ரெண்டு போனும் ஒரே கணக்கு. ஒரு குளத்துல ரெண்டு மடை போட்ட மாதிரி. அவருக்கு யாராவது அனுப்புனதை அவரு எடுத்து வச்சாலும் இங்க வரும். நீங்க எடுக்கது அங்க போவும்."

"நான் எடுத்த நத்தையும் போயிருக்குமா?"

"எல்லாம் போயிருக்கும். கணக்க வெட்டி விடட்டா? ரெண்டு நிமிசம். பொறவு உங்களுது உங்களுக்கு, அவருது அவருக்கு."

விரலை அவள் திரைக்கு அருகே கொண்டுபோய்விட்டாள். நான் போனைப் பிடுங்கிக்கொண்டேன்.

"வேண்டாம். கெடக்கட்டும்."

"ஒங்க இஷ்டம்," என்று அவள் ஒரு கடலையை உடைத்தாள். அப்பாவும் மகனும் ஒரே குளத்தில் இறைப்பதைப் பற்றி அவளுக்கு ஒரு அபிப்பிராயமும் இல்லை.

நான் எடுப்பது அங்கே போகும் என்றால், போகட்டும். அன்று முதல் படம் எடுக்கத் தொடங்கினேன்.

படம் எடுப்பவர்களைப் போல ஒரு அசட்டு மனிதக் கூட்டம் இல்லை என்பது என் கருத்து. சூரியன் மறைவதைக் கன்னியாகுமரியில் ஆயிரம் பேர் வரிசையில் நின்று எடுக்கிறார்கள். அத்தனை போனிலும் ஒரே சூரியன். நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தேன். நாற்றைப் பறிப்பதை எடுத்தேன். முடிச்சு முடிச்சாகக் கட்டி வைத்ததை எடுத்தேன். நடவுக்கு வந்த பதினோரு பெண்களும் குனிந்திருக்கும்போது எடுத்தால் ஏசுவார்கள் என்று, கஞ்சி குடிக்க உட்கார்ந்த பிறகு எடுத்தேன். வரப்பில் நண்டு வளைகள் இருபத்தாறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். மடை திறந்ததும் தண்ணீர் ஓடி வருவதை வீடியோவாகவே எடுத்தேன். தண்ணீர் வயலின் கடைசி மூலைக்குப் போய்ச் சேரும் வரை எடுத்தேன். கை கடுத்தது. நிறுத்தவில்லை. மொட்டைத் தென்னையை எல்லாப் பக்கமும் சுற்றி வந்து எடுத்தேன், தோசையை அவன் எடுத்த மாதிரி.

பக்கத்து வயல்காரர் என்னைவிட இரண்டு வயது இளையவர். மேல்வரப்பில் மண்வெட்டியோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வேய், நாத்துக்குக் கல்யாணமா? ஆல்பம் போடுகீரு?"

"உம்ம மூஞ்சிய எடுக்கலியேன்னு வெசனமா?"

"எனக்கு எதுக்கு. அன்னைக்கு ஒருத்தன் தொப்பி போட்டுட்டு வந்து இதே எடத்துல நின்னு படம் புடிச்சான். அவனும் நீரும் கூட்டான்னு கேக்கேன்."

"நீரு அவன்ட்ட கேக்கப்பிடாதா?"

"கேட்டேன். அளவு பாக்க வந்தேன்னான். நீரு சொல்லித்தான் வந்திருப்பான்னு நெனச்சேன்." மண்வெட்டியைத் தோளில் மாற்றி வைத்தார். "ஒம்ம வயல்ல மண்ணடிச்சா எனக்க வயலுக்குத் தண்ணி எந்த வழியாட்டு வரும்? அதையும் ஒரு படம் எடுத்துக் காட்டும்."

அவர் வயலுக்குப் போகும் வாமடையை, அதாவது என் வரப்பில் அவருக்காக வெட்டிவிட்ட வழியை, அவர் முன்னாலேயே எடுத்தேன். அந்தக் காகிதத்தில் அந்த இடம் மூன்றாம் எண் மனைக்குள் கிடந்தது.

பயிர் பச்சை பிடித்து எழும்பிய சமயத்தில் என் போனில் சிவப்பாக ஒரு எழுத்து வந்து உட்கார்ந்தது. வைக்க இடமில்லை, நிறைந்துவிட்டது என்று. அழுத்தினால் போய்விட்டு, மறுபடியும் வந்து உட்காரும். ஈயை விரட்டுவது போல விரட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஈ அங்கேயும் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. வீடியோவில் வரவில்லை. சாதாரணமாகவே கூப்பிட்டான். மனைவி கேட்க வேண்டும் என்று சத்தத்தைக் கூட்டிக் கட்டிலில் வைத்தேன்.

"அப்பா, அந்தப் போன்ல படம் ரொம்ப எடுக்கீங்களா?"

"எவன் சொன்னான்?"

"இல்ல, இடம் நெறஞ்சு போச்சுன்னு எனக்கு மெசேஜ் வந்துட்டே இருக்கு. நான் எடுக்க படம் ஒண்ணும் ஏற மாட்டேங்கு. ஆபீஸ்ல ஒரு பேப்பர் எடுத்தேன், அதும் போகல."

"எடுத்ததைப் பாத்தியா?"

"பாத்தேன். நண்டு வளையா எடுத்து வச்சிருக்கீங்க."

"எத்தனை?"

"எண்ணலப்பா."

"வளை இருபத்தாறு. எல்லாம் சேத்து நானூத்திப் பன்னிரண்டு. நானும் ஒனக்க படத்தைப் பாத்தேன்."

அந்தப் பக்கம் ஏ.சி. ஓடுவது கேட்டது.

"எது?"

"பதினாலு," என்றேன்.

இன்னும் கொஞ்சம் ஏ.சி. ஓடியது.

"ஒரு ஆளு வெலை கேட்டாருப்பா. நான் ஒண்ணும் முடிவு சொல்லல. அவராத்தான் அளந்து அனுப்புனாரு."

"தொப்பிக்காரனா?"

"தொப்பி எல்லாம் எனக்குத் தெரியாது. இங்க நெலமை ஒங்களுக்குத் தெரியாதுப்பா. ஆள் கொறைக்கானுவ. எங்க செக்ஷன்லயே பாதிப் பேர அனுப்பியாச்சு. நாளைக்கு என்னைப் போன்னு சொன்னா ஊர்ல வந்து நான் என்ன செய்ய? கையில ஏதாவது வேணும்லா? ஒங்கள்ட்ட சொன்னா வெசனப்படுவீங்கன்னு சொல்லல."

ஊரில் வந்தால் என்ன செய்வாய் என்பதற்கு எழுபத்தாறு சென்டில் இரண்டு பூ விளையும் பதில் கிடக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் நாற்றைப் பார்த்தால் களை என்று பிடுங்குவான், களையைப் பார்த்தால் நாற்று என்று விடுவான். அது எனக்கும் தெரியும். அதனால் வேறு ஒன்று சொன்னேன்.

"கூட்டிப் பாத்தியா?"

"எதை?"

"அவன் அனுப்புன கணக்கை. பதினாலு மனையும் ரோடும் கூட்டுனா எண்பதே முக்கால். நம்ம கையில உள்ளது எழுபத்தாறு. மிச்சம் நாலே முக்கால் யாருக்கது? பக்கத்து வயல்காரருக்கதையும் சேத்தா விக்கப் போற? நீ எஞ்சினியருல்லா?"

"அப்பா..."

"பக்கத்து வயலுக்குப் போற வாமடை மூணாம் நம்பர் மனைக்குள்ள கெடக்கு. ஒருத்தன் அங்க வீட்டைக் கட்டுனா தண்ணி அவன் அடுக்களை வழியாட்டா போவும்? படம் எடுத்து வச்சிருக்கேன். பாரு."

அவன் பதில் சொல்வதற்குள் என் மனைவி போனை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டாள். அதன் காது எது வாய் எது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

"மக்ளே, சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்ம்மா."

"என்ன கறி?"

"சாம்பாரு."

"வேலை போச்சுன்னா வா. வந்தா சோறு இல்லாமப் போவாது. கும்பப்பூ அறுக்கட்டும், பொறவு என்னத்தையும் பேசு. நிக்க பயிரை வச்சு வெலை பேசப்பிடாது. கேட்டியா?"

"செரிம்மா."

நானூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்து, எண்பதே முக்கால் கூட்டி, நான் சொல்ல முடியாததை அவள் சாம்பாருக்கும் சோற்றுக்கும் நடுவில் சொல்லி முடித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள். செரி என்று அவன் எதற்குச் சொன்னான் என்று நான் கேட்டேன். சாம்பாருக்கா, பயிருக்கா? அவள் என்னைப் பார்த்த பார்வையில், இந்த மனிதரோடு இத்தனை வருடம் எப்படிக் கழிந்தது என்ற கணக்கு இருந்தது.

அந்த வாரமே சிம்மைக் கழற்றிப் பழைய போனில் போட்டுக்கொண்டேன். விரிசல் அப்படியே இருந்தது. பின்னால் போகும் பொத்தானும் அப்படியே இருந்தது. பல் இல்லாமலே என்னைத் திறக்கவிட்டது. பழைய சகாவின் காலை வணக்கங்கள் இடைப்பட்ட காலத்துக்கும் சேர்த்து வரிசையாக வந்து விழுந்தன. அவருக்கு நான் ஒரு பதிலும் இதுவரை அனுப்பியதில்லை. அதை அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை.

விலை கூடிய போனைத் தூக்கிப் போடவில்லை. பேசுவதற்கு அது லாயக்கில்லை. வயலுக்குப் போகும்போது மட்டும் சட்டைப்பையில் கொண்டுபோகிறேன். கதிர் வெளிவரத் தொடங்கியிருக்கிறது. எடுக்கிறேன். கொக்கு உட்காருகிறது. எடுக்கிறேன். பக்கத்து வயல்காரர் இப்போது நான் போனைத் தூக்கினால் தலைமுடியைக் கோதிக்கொண்டு நேராக நிற்கிறார். அவரை எடுத்து என் மகனின் கணக்கில் இடத்தை வீணாக்க எனக்கு மனம் இல்லை. இருந்தாலும் இரண்டு எடுத்தேன்.

ஒருநாள் படங்களின் அடியில் உள்ள மொத்தக் கணக்கைப் பார்த்தபோது அது எனக்கு ஒத்து வரவில்லை. நான் புதிதாக எடுத்ததையும் சேர்த்தால் வர வேண்டியதைவிட ஐந்து குறைவு. எது போயிற்று என்று முதலிலிருந்து தேடினேன். திற்பரப்பு முப்பத்தேழும் இருந்தன. தோசை மூன்றும் இருந்தன. தொப்பிக்காரனின் நிழல் விழுந்த நான்கும் அந்தக் காகிதமும் இல்லை. அங்கே அழித்தால் இங்கேயும் அழியுமாம். அவன் வேண்டாம் என்று அழித்தானா, அப்பா பார்க்க வேண்டாம் என்று அழித்தானா, அது எந்தப் போனிலும் வராது. நான் கேட்கவும் இல்லை. மாசியில் அறுப்பு. அதற்குள் தெரியாமல் போகாது.

அதற்குப் பிறகு இன்னொன்றையும் கவனித்தேன். அந்தச் சிவப்பு எழுத்தைக் காணவில்லை. சிம் இல்லாவிட்டாலும் வீட்டு வைஃபையில் நான் எடுக்கும் படமெல்லாம் தடையில்லாமல் ஏறுகிறது. பஸ் ஏறிப் போய்க் கடைக்காரியிடம் காட்டினேன். இந்த முறை அவள் வாயில் ஒன்றும் இல்லை.

"ஒங்க மகன் இடம் கூட்டி வாங்கியிருக்காரு சாரே. முன்ன இருந்ததுக்கு நாலு மடங்கு. இனி நீங்க தாராளமா எடுக்கலாம்."

"அவன் நெனச்சா அங்க இருந்தே என்னை வெட்டி விட முடியுமா?"

"ஒரு அமுக்கு அமுக்குனா போதும்."

இதுவரை வெட்டவில்லை. ஊரில் கிடக்கும் இடத்தை விற்க விலை கேட்டவன், படம் வைக்க ஆகாயத்தில் இடம் வாங்கியிருக்கிறான். ஒருவேளை எப்படி வெட்டுவது என்று தெரியாமலும் இருக்கலாம். எஞ்சினியர்தானே.